இணையத்தை அறிவோம்: பாதையும் பயனும் பாதுகாப்பும்

இலங்கையில் இன்று கையடக்கத் தொலைபேசி இல்லாத இல்லத்தைக் காண்பது அரிது. கனடாவில் வாழும் மகனின் முகத்தை யாழ்ப்பாணத்திலுள்ள தாய் நாள்தோறும் காண்கிறார். கட்டாரில் தொழில் புரியும் தந்தை, காத்தான்குடியில் கல்வி கற்கும் தனது பிள்ளையின் பரீட்சைப் புள்ளிகளை அன்றைய தினமே அறிந்துகொள்கிறார். ஆயினும் இத்தகையோரிடம் "நீங்கள் இணையத்தைப் பயன்படுத்துவதுண்டா?" என வினவினால், "இல்லை, வட்ஸ்அப் மட்டுந்தான்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

இவ்விடை நகைப்புக்குரியதன்று, சிந்தனைக்குரியது. இணையத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதை அறியாமலே அதனைப் பயன்படுத்தும் ஒரு பெருங்கூட்டம் நம்மிடையே உருவாகியுள்ளது. இந்த அறியாமைக்கு நாம் இரு வகையில் விலை கொடுக்கிறோம். இணையத்தினால் பெறத்தக்க பயன்கள் பல நமக்குக் கிட்டாமற் போகின்றன என்பது ஒன்று. ஏமாற்றுவோரின் கையில் இலகுவாக அகப்பட்டுக்கொள்கிறோம் என்பது மற்றையது. எனவே இணையம் என்றால் என்ன, அது எவ்வாறு இயங்குகிறது, அதனை எவ்விதம் பயன்படுத்துவது என்பவற்றை ஆரம்ப நிலையினருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையம் என்பது யாது?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் வண்ணம் இணைக்கப்படும்போது அது வலையமைப்பு எனப்படுகிறது. ஒரு வங்கிக் கிளையிலுள்ள கணினிகள் ஒரு வலையமைப்பு. ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிகள் இன்னொரு வலையமைப்பு. உலகெங்குமுள்ள இத்தகைய எண்ணற்ற வலையமைப்புகள் ஒன்றோடொன்று இணைந்த பெரும் வலையமைப்பே இணையமாகும். நாம் கையில் வைத்திருக்கும் தொலைபேசியும் உண்மையில் ஒரு சிறு கணினியே. அதில் டேட்டா இணைப்பை இயக்கியவுடன் அதுவும் இப்பெரும் வலையமைப்பின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

இணையம் வேறு, அதன் வழியாகக் கிடைக்கும் சேவைகள் வேறு என்பதை முதலில் மனதிற் கொள்ளல் வேண்டும். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதியை எண்ணிப் பாருங்கள். வீதி ஒன்றே, அதில் பஸ் வண்டி, லொறி, மோட்டார் சைக்கிள் என வாகனங்கள் பல. இணையம் அவ்வீதி போன்றது. மின்னஞ்சல், இணையத்தளங்கள், வட்ஸ்அப், முகநூல், யூடியூப் ஆகியன அதன் மீது செல்லும் வாகனங்கள். வாகனங்களுக்கு உரிமையாளர்களாகிய நிறுவனங்கள் உண்டு. ஆனால் இணையம் முழுவதற்குமான உரிமையாளர் எவரும் இல்லை. அதன் பாகங்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், அரசாங்கங்கள் எனப் பலரிடம் பிரிந்து கிடக்கின்றன. எல்லோரும் ஒரே தொடர்பாடல் விதிமுறைகளைப் பின்பற்றுவதாலேயே அது ஒன்றாக இயங்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1957 ஒக்டோபர் 4 ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை விண்ணுக்கு ஏவியது. அதனால் அதிர்ச்சியடைந்த அமெரிக்கா, உயர் ஆய்வுத் திட்டங்களுக்கான முகவரகம் ஒன்றைத் தனது பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் 1958 இல் நிறுவியது. அம்முகவரகத்தின் நிதியில் உருவான 'ஆர்ப்பாநெற்' என்ற வலையமைப்பே இணையத்தின் முன்னோடியாகும். அணுவாயுதத் தாக்குதலிலும் அழியாத வலையமைப்பாக அது உருவாக்கப்பட்டது எனப் பரவலாகக் கூறப்படுவதுண்டு. எனினும் அக்காலத்தில் அரிதாகவும் பெரும் விலைக்குரியனவாகவும் இருந்த கணினிகளை ஆய்வாளர்கள் தூரத்திலிருந்தே பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது.

1969 ஒக்டோபர் 29 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவகத்துக்கு முதலாவது செய்தி அனுப்பப்பட்டது. 'லொகின்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் மாத்திரம் சென்ற நிலையில் மறுமுனைக் கணினி செயலிழந்தது. அவ்வாண்டின் இறுதியில் நான்கு நிலையங்கள் இணைக்கப்பட்டிருந்தன. 1971 இல் ரே டொம்லின்சன் என்ற பொறியியலாளர் வெவ்வேறு கணினிகளுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பும் முறையை உருவாக்கினார். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் இன்றும் நாம் இடும் சுழிக்குறியைத் தெரிவுசெய்தவரும் அவரே. வின்டன் சேர்ப், ரொபர்ட் கான் ஆகிய இருவரும் வகுத்த தொடர்பாடல் விதிமுறை 1983 ஜனவரி 1 ஆம் திகதி ஆர்ப்பாநெற் முழுவதற்கும் நடைமுறையாயிற்று. இன்றைய இணையம் இயங்குவது அவ்விதிமுறையின் அடிப்படையிலாகும்.

சாதாரண மக்களுக்கு இணையத்தின் கதவைத் திறந்துவிட்டவர் பிரித்தானியரான ரிம் பேர்னர்ஸ் லீ ஆவார். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், ஓர் ஆவணத்திலிருந்து இன்னோர் ஆவணத்துக்குச் சொடுக்கிச் செல்லும் உலகளாவிய வலையை 1989 இல் முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 ஆம் திகதி அந்நிலையம் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அன்று அதற்கு விலை குறிக்கப்பட்டிருந்தால், நமது கிராமங்களை இணையம் இத்துணை விரைவாக எட்டியிருக்குமா என்பது ஐயத்துக்குரியதே.

செய்தி எவ்வாறு பயணிக்கிறது?

மன்னாரிலிருந்து ஒருவர் தமது மகளுக்கு லண்டனுக்கு ஒரு புகைப்படத்தை அனுப்புகிறார் எனக் கொள்வோம். அப்புகைப்படம் முழுமையாக ஒரே பொருளாகச் செல்வதில்லை. முந்நூறு பக்கப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இலக்கமிட்ட தனித்தனி உறையில் இட்டுத் தபாலில் சேர்ப்பதைப் போல, அது சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் இலக்க முகவரிகளும் பொதியின் வரிசை எண்ணும் இருக்கும். பொதிகள் வெவ்வேறு பாதைகளாற் செல்லக்கூடும். ஒரு பாதை தடைப்பட்டால் மறு பாதையால் செல்லும். சென்றடைந்தபின் அவை வரிசைப்படி ஒன்றுசேர்க்கப்படும். ஏதேனும் ஒரு பொதி தொலைந்திருப்பின் அது மட்டும் மீண்டும் அனுப்பப்படும். இவை யாவும் சில விநாடிகளுள் நிகழ்ந்து முடிகின்றன.

இப்பொதிகள் வானத்துச் செயற்கைக்கோள்கள் ஊடாகவே செல்கின்றன எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கண்டங்களுக்கிடையிலான தகவற் போக்குவரத்தின் மிகப் பெரும் பகுதி கடலடி வடங்கள் வழியாகவே நடைபெறுகிறது. தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைகளினூடே ஒளித்துடிப்புகளாகத் தகவல் பாய்கிறது. தென்கிழக்காசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் வடத்தொகுதிகள் இலங்கையின் கரையையும் தொடுகின்றன. அவற்றுள் ஐந்தாவது தொகுதி மாத்தறையில் கரையேறுகிறது. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரு வடங்கள் அறுந்தபோது மத்திய கிழக்கிலும் தெற்காசியாவிலும் இணைய இணைப்புப் பெரிதும் பாதிப்புற்றது. ஆழ்கடலில் கிடக்கும் ஒரு வடத்திலும் நமது அன்றாட அலுவல்கள் தங்கியுள்ளன என்பதற்கு இது சான்றாகும்.

இலங்கையிலும் தமிழிலும்

இலங்கையில் இணையத்தின் முதற்படி பல்கலைக்கழகங்களிலேயே வைக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மின்னஞ்சல் சேவை ஆரம்பமாயிற்று. 1995 இல் வர்த்தக ரீதியான இணையச் சேவை அறிமுகமானது. 2003 இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நிறுவப்பட்டது. அதனைத் தொடர்ந்து 'நெனசல' நிலையங்கள் கிராமங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும் நூலகங்களிலும் திறக்கப்பட்டன. தொலைபேசியே கணினியாக மாறும் வரை, கிராமத்து மாணவர் பலர் இணையத்தை முதலிற் கண்டது அந்நிலையங்களிலேதான்.

தமிழில் எழுதவும் வாசிக்கவும் ஆரம்பத்தில் பெருந்தடை இருந்தது. ஒவ்வோர் இணையத்தளமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் நிலையான ஓர் எண்ணை வழங்கும் யுனிகோட் முறை பரவியபோதே இத்தடை நீங்கியது. இன்று எந்தத் தொலைபேசியிலும் தமிழில் தேடலாம், எழுதலாம்.

இதன் பயனைத் தமிழ் பேசும் மக்கள் நன்றாகவே அறுவடை செய்துள்ளனர். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவின் உருவாக்கத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் முன்னின்று உழைத்தார். 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் கட்டணமின்றி வாசிக்கத் தருகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஒரேயொரு பிரதியாக ஓரிடத்தில் இருந்த பல ஆவணங்கள் மீளவும் கிடைக்காமற் போயின. பல இடங்களில் படியெடுத்து வைக்கப்படும் எண்ணிம நூலை ஒரு தீக்குச்சியால் அழிக்கவியலாது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அன்றாட வாழ்வில் இணையம்

கல்வியே முதன்மையான பயனாகும். பரீட்சைத் திணைக்களம் க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளைத் தனது இணையத்தளத்திலேயே வெளியிடுகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களைத் தமிழிலும் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும், கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தின் பாடங்களும் கட்டணமற்றவை. தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்த இயலாத பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டியவை இவை. அதேவேளை, 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது சமிக்ஞை தேடிப் பாறைகள் மீதும் மரங்கள் மீதும் பிள்ளைகள் ஏறிய செய்திகளை நாம் மறந்துவிடலாகாது. இணைப்பும் கருவியும் இல்லாத பிள்ளைக்கு இணையவழிக் கல்வி எட்டாக்கனியே.

அரச சேவைகள் அடுத்ததாகும். கடவுச்சீட்டுக்கு இணையம் மூலம் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் வழங்கும் முறை 2023 இல் ஆரம்பிக்கப்பட்டது. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதிகளுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க முடியும். எந்தச் சேவையை எங்கே பெறுவது என்பதில் தெளிவில்லாதோர் 1919 என்ற இலக்கத்துடன் தொடர்புகொண்டு அரசாங்கத் தகவல் நிலையத்திடம் கேட்டறியலாம். எனினும் தமிழ் அரச கரும மொழியாகிப் பல தசாப்தங்கள் கடந்த பின்னரும், அரச இணையத்தளங்கள் பலவற்றில் தமிழ்ப் பக்கங்கள் முழுமையின்றியும் பிழைகளுடனும் காணப்படுவது வருந்தத்தக்கது. பாவனையாளர்கள் அவற்றைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கோருவது அவர்களது உரிமையாகும்.

கடலுக்குச் செல்லும் மீனவருக்கும் நெல் அறுவடைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறல்கள் உதவுகின்றன. வீட்டிலிருந்து உணவுப்பண்டமோ தைத்த ஆடையோ விற்கும் பெண்கள், கடை வாடகையின்றி வாடிக்கையாளரைப் பெறுகின்றனர். வைத்தியரைச் சந்திக்க முன்பதிவு செய்தல், மின்சாரக் கட்டணம் செலுத்துதல், வங்கிக் கணக்கைப் பார்வையிடுதல் என இப்பட்டியல் நீளும்.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு

கூகுள் போன்ற தேடற்பொறிகள் உண்மையைத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றங்கள் அல்ல. நாம் தட்டச்சு செய்யும் சொற்களுக்குப் பொருத்தமான பக்கங்களைத் தம் கணிப்பின்படி வரிசைப்படுத்தித் தருவனவே அவை. முதலில் தோன்றுவனவற்றுள் பணம் செலுத்தி இடம்பெற்ற விளம்பரங்களும் அடங்கும். எனவே முதல் விடையுடன் திருப்தியடையாமல், அத்தகவலை யார், எப்போது வெளியிட்டார் என்பதை நோக்க வேண்டும். 'காய்ச்சல்' எனத் தேடுவதைவிட 'டெங்கு காய்ச்சல் அறிகுறிகள் சுகாதார அமைச்சு' எனத் தேடுவது நம்பகமான பக்கங்களுக்கு இட்டுச்செல்லும். அண்மைக்காலத்தில் பரவியுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வினாக்களுக்குத் தமிழிலேயே சரளமாக விடையளிக்கின்றன. ஆனால் அவை தவறான தகவலையும் அதே சரளத்துடன் கூறக்கூடியவை. மருந்து, சட்டம், பணம் ஆகிய விடயங்களில் அவ்விடையை உரிய வைத்தியரிடமோ சட்டத்தரணியிடமோ உறுதிப்படுத்தாமல் பின்பற்றலாகாது.

பகிருமுன் ஒரு கணம்

இணையத்தில் நாம் வாசகர்கள் மாத்திரமல்லர், வெளியீட்டாளர்களும் ஆவோம். ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்பும் ஒவ்வொருவரும் பத்திரிகை ஆசிரியரின் பொறுப்பை ஏற்கின்றனர். இப்பொறுப்பு மறக்கப்படும்போது நேர்வது என்ன என்பதை நமது நாடு கசப்பான அனுபவத்தினூடே கற்றுள்ளது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையிலுள்ள முஸ்லிம் உணவகம் ஒன்றில், உணவில் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி கிளம்பியது. அத்தகைய மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை. உணவிற் காணப்பட்டது மாவுக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். ஆனால் உண்மை வெளிவருமுன்னரே காணொளி நாடெங்கும் பரவிவிட்டது. அதனையடுத்து மார்ச் மாதத்தில் திகன உட்படக் கண்டி மாவட்டத்தின் பல பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; உயிர்களும் பலியாயின. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, மார்ச் 7 முதல் ஏறத்தாழ ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கியது. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது.

தாக்கியவர்களின் எண்ணிக்கை சிறிது. ஆனால் அவ்வதந்தியை அவர்களின் கைக்குக் கொண்டு சேர்த்தவர்களின் எண்ணிக்கை பெரிது. அவர்களுட் பலர் தீங்கு கருதியவரல்லர். 'எதற்கும் அனுப்பி வைப்போம்' என எண்ணியவர்களே. எந்தச் சமூகத்தைப் பற்றியதாயினும், சினத்தை மூட்டும் ஒரு செய்தி கிடைக்கும்போது அதனை அனுப்பாமல் நிறுத்துவதே முதற்கடமை. அச்செய்தியைப் பொறுப்பு வாய்ந்த ஊடகங்கள் வெளியிட்டுள்ளனவா, படம் பழையதா, இடம் வேறா எனப் பார்த்தல் இரண்டாவது கடமையாகும்.

மோசடிகளை இனங்காணல்

இணைய மோசடிக்காரர் கணினியை உடைப்பதைவிட மனிதரின் ஆசையையும் அச்சத்தையும் பயன்படுத்துவதே அதிகம். 'உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது', 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படவுள்ளது', 'உங்கள் பொதி சுங்கத்தில் உள்ளது' என்ற மூன்று வகைச் செய்திகளே பெரும்பாலும் வருகின்றன. எல்லாவற்றிலும் அவசரம் ஒன்று இருக்கும். தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்பதில்லை. அதனை வழங்குவது வீட்டுத் திறப்பை அந்நியரிடம் கையளிப்பதற்கு ஒப்பாகும். வட்ஸ்அப் உறுதிப்படுத்தலுக்காக வரும் ஆறு இலக்க எண்ணும் அத்தகையதே. நண்பரே கேட்டாலும் கொடுக்கலாகாது. ஏனெனில் நண்பரின் கணக்கு ஏற்கெனவே களவாடப்பட்டிருக்கக்கூடும்.

இணைய முகவரியை வாசிக்கப் பழகுதல் நல்ல காவலாகும். முகவரியின் முதற் சாய்கோட்டுக்கு முன்னே உள்ள இறுதிப் பகுதியே உரிமையாளரைக் காட்டுவது. அரச தளங்கள் 'கவ் டொட் எல்கே' என முடிவுறும். ஒரு வங்கியின் பெயர் முகவரியின் தொடக்கத்தில் இருந்து, முடிவில் வேறேதோ ஒரு பெயர் இருக்குமாயின் அது போலியாகும். முகவரியின் அருகே தோன்றும் பூட்டு அடையாளம், இடையில் எவரும் தகவலைத் திருடவில்லை என்பதையே குறிக்கும். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதைக் குறிக்காது.

வேலைவாய்ப்பு விளம்பரங்களில் மேலும் விழிப்பு வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை, உயர்ந்த சம்பளம் என்ற இணைய விளம்பரங்களை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் இணையக் குற்ற முகாம்களில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும்படி சித்திரவதைக்குட்படுத்தப்பட்டனர். 2024 இல் அவர்கள் சிறு குழுக்களாக மீட்கப்பட்டனர். வெளிநாடு செல்ல விரும்புவோர், முகவர் நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் உள்ளதா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் உறுதிப்படுத்த வேண்டும். ஹஜ், உம்றாப் பயண முகவர்கள் தொடர்பிலும், பணம் செலுத்துவதற்கு முன்னர் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்திடம் விசாரித்துக்கொள்வது நன்று.

ஏமாற்றப்பட்டோர் வெட்கத்தினால் மறைப்பதே மோசடிக்காரருக்குப் பெரும் பலமாகிறது. உடனடியாக வங்கிக்கு அறிவிக்க வேண்டும். அடுத்ததாகப் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இவை தண்டனைக்குரிய குற்றங்களாகும். சிறுவர்கள் பாதிக்கப்படுமிடத்து 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவியைப் பெறலாம்.

ஆரம்பிப்போர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, தமக்கென ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கிக்கொள்ளல் வேண்டும். தொலைபேசிக் கடைக்காரர் உருவாக்கித் தந்த, அவருக்கும் கடவுச்சொல் தெரிந்த கணக்கைப் பயன்படுத்துவது ஆபத்தானது. இரண்டாவதாக, கடவுச்சொல்லாகப் பிறந்த திகதியையோ அடையாள அட்டை இலக்கத்தையோ இடாமல், தொடர்பற்ற பல சொற்களைச் சேர்த்து நீளமாக அமைத்து, ஒவ்வொரு முக்கிய கணக்குக்கும் வெவ்வேறாக வைத்துக்கொள்ளல் வேண்டும். மூன்றாவதாக, இரு படிநிலை உறுதிப்படுத்தலை இயக்குதல் வேண்டும். நான்காவதாக, பிள்ளைகளுக்குத் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், அவர்கள் பார்ப்பதை அவர்களோடு அமர்ந்து பார்க்க வேண்டும். கண்காணிப்பைக் காட்டிலும், தவறு நேர்ந்தால் அச்சமின்றிப் பெற்றோரிடம் கூறலாம் என்ற நம்பிக்கையே பிள்ளைக்குச் சிறந்த பாதுகாப்பாகும்.

முதியோருக்கும் பெண்களுக்கும் இதனைக் கற்பிக்கும் பணியைப் பாடசாலைகள் மீது மட்டும் சுமத்த முடியாது. கோயில் மண்டபங்களும் பள்ளிவாசல்களும் மாதர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் வாரத்தில் ஒரு மணிநேரத்தை இதற்கென ஒதுக்கலாம். உயர்தரம் கற்கும் ஒரு மாணவி பத்துத் தாய்மாருக்குக் கற்பித்தால், அடுத்த முறை 'பரிசு விழுந்துள்ளது' என்ற அழைப்பு வரும்போது அத்தாய்மாரின் சேமிப்பும் தாலிக்கொடியும் தப்பும். அதே தாய்மார் தம் பிள்ளைகளுக்குரிய பாடநூலைத் தாமே பதிவிறக்கம் செய்யவும், சான்றிதழ் ஒன்றுக்காக ஒரு நாட்சம்பளத்தை இழந்து பஸ் ஏறாதிருக்கவும் கற்றுக்கொள்வர். இணையம் ஒரு சமூகத்துக்குப் பயன்பட்டதா என்பதை அளக்க இவையே தகுந்த அளவுகோல்களாகும்.